குப்பம்மாவின் மூத்த பிள்ளை

வில்பிரட் அண்ணன் குரலைச் செய்து காட்டுவது சுலபம். மூன்று வாக்கியங்கள் தெரிந்தால் போதும். "நீ சாப்பிட்டியா?" "நீ முதல்ல போ." "எனக்கு என்ன அவசரம்?" மூன்றையும் தொண்டையை லேசாகச் செருமிவிட்டு, யார்மேலும் பட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொல்ல வேண்டும். விடுதி விழாக்களில் நான் இதைச் செய்யும்போதெல்லாம் சாப்பாட்டுக் கூடம் முழுக்கச் சிரிக்கும். அண்ணனும் சிரிப்பார், மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு.

அண்ணன் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். சிட்லபாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தார். ஒரு சைக்கிள், சில வெள்ளைச் சட்டைகள், கைப்பிடி உடைந்த குடை. ரயில்வே கேட் திறந்தால் பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் விட்டுவிட்டு, கேட் மறுபடி மூடுகிறவரை அதே இடத்தில் நிற்கிற ஆள். சொந்த ஊர் நாசரேத் பக்கம். அப்பாவும் அம்மாவும் சின்ன வயதிலேயே போய்விட, மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவர். உறவென்று ஊரில் ஒரு அத்தை இருந்தார்.

அப்படிப்பட்டவருக்கு கோவளத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் அம்மா எப்படி வந்தார் என்பதைச் சொல்ல வேண்டுமானால், கிழக்கு ஹாலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

தாம்பரத்தில் காட்டுக்குள் இருந்த எங்கள் கல்லூரியின் விடுதிகளில் அது ஒன்று. கொடியில் காயும் வேட்டியை மான் வந்து மென்றுவிட்டுப் போகும். கட்டின புதிதில் அங்கே பந்தித் தகராறு இருந்ததாம். இவன் பக்கத்தில் அவன் உட்கார மாட்டான், அவன் கை பட்டதை இவன் தொட மாட்டான். அப்போதிருந்த வார்டன் யாரையும் திட்டவில்லை. ஒரு ஜூலை மாதச் சாயங்காலம், பரிமாறுகிற ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சீனியர்கள் பெயரை ஒரு பானையிலும் புதுப் பையன்கள் பெயரை இன்னொரு பானையிலும் போட்டுக் குலுக்கினார். எவனுக்கு எவன் வந்தானோ அவனுக்கு இவன் ஹால் அண்ணன். அண்ணன்தான் தம்பிக்குத் தன் கையால் சோறு போட வேண்டும். தம்பி சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அண்ணன் உட்கார வேண்டும். இரண்டு மூன்று பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே ரயிலேறிவிட்டார்கள். மற்றவர்கள் சாப்பிட்டார்கள்.

அதுவே வழக்கமாகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அதோடு மேலும் சிலவற்றைச் சேர்த்தார்கள். புதிதாக வந்தவனைச் சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகுதான் ஊர் எது என்று கேட்கலாம். காய்ச்சல்காரன் அறையில் யாராவது ஒருவன் இருந்தே ஆக வேண்டும். படிப்பு முடிந்து ஹாலை விட்டுப் போனாலும் அண்ணன் அண்ணன்தான், தம்பி தம்பிதான். எதுவும் எங்கும் எழுதி மாட்டப்படவில்லை. அரிசி கிடைக்காத அறுபத்தாறாம் வருஷத்தில்கூட, கோதுமை ரவையைக் கிண்டி வைத்து விழாவை நடத்தினார்கள். நான் அந்த ரவை சாப்பிட்டுச் சேர்ந்தவன். எனக்குப் பரிமாறிய அண்ணன் பூவராகன். பூவராகனுக்கு மூன்று வருஷம் முன்னால் பரிமாறியவர் வில்பிரட் அண்ணன்.

வருஷா வருஷம் இந்தக் கதையை மைக்கில் சொல்பவர் வேதசிரோமணி சார். ஹாலின் ஆரம்ப கால மாணவர், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரலுக்கு மைக் தேவையே இல்லை, ஆனாலும் மைக்கைப் பிடித்துக்கொள்வார். "அன்பார்ந்த பெற்றோரே" என்று தொடங்கினால் காட்டுக்குள் ஒரு மான் தலையைத் தூக்கும். பேச்சின் முடிவில், கூடத்தில் நிற்கும் தாய் தகப்பனைப் பார்த்து அவர் எப்போதும் சொல்வது ஒன்றுதான். "இன்று முதல் இந்த மூத்த மாணவன் உங்கள் மூத்த மகன்." எல்லோரும் கை தட்டுவார்கள். பெற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போவார்கள்.

அறுபத்து மூன்றில் அதைக் கேட்ட பூவராகனின் அம்மா குப்பம்மா கை தட்டவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வாளியும் கரண்டியுமாக நின்ற ஒல்லிப் பையனை மேலும் கீழும் பார்த்தார்.

"உனுக்கு யார்லாம் கீறாங்க?"

"அத்தை ஒருத்தங்க இருக்காங்கம்மா. நாசரேத்ல."

"அம்மா?"

"இல்ல."

குப்பம்மா சற்று யோசித்தார். "அப்ப சரி" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. பூவராகன் இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். "பொறந்ததுலேர்ந்து நான்தான் மூத்தவன்டா. ஒரே பிள்ள. ஒரு சாயங்காலத்துல என்னிய ரெண்டாவது ஆக்கிட்டாங்க. அது கூடத் தெரியாம நான் அப்பளம் துன்னுகினு இருந்தேன்."

குப்பம்மா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் எடுத்து சிட்லபாக்கம் தெருக்களில் கூவி விற்பவர். அவர் கணவர் துலுக்காணம் கட்டுமரத்தில் போகிறவர், வாயைத் திறப்பது மீன் துன்னவும் சுருட்டுப் பிடிக்கவும் மட்டும்தான் என்று குப்பம்மாவே சொல்வார். சனிக்கிழமைகளில் கூடை காலியானதும் குப்பம்மா ஹாலுக்கு வருவார். தூக்குச் சட்டியில் மீன் குழம்பு இருக்கும். முதலில் பெரியவனைக் கேட்பார், அப்புறம்தான் பூவராகனை. நான் சேர்ந்த பிறகு என்னையும். எனக்கு வைத்த பெயர் கடைக்குட்டி. அசரியா என்ற பெயர் அவர் வாயில் கடைசி வரை நுழையவில்லை.

நான் சேர்வதற்கு முந்தின வருஷம் வில்பிரட் அண்ணனுக்கு அம்மை போட்டது. ஹால் வழக்கப்படி ஆள் மாற்றி ஆள் பக்கத்தில் உட்கார வந்தார்கள். அண்ணன் விடவில்லை. உங்களுக்குப் பரீட்சை இருக்கு, உங்களுக்கு ஒட்டிக்கும், எனக்கு ஒண்ணும் இல்ல என்று ஒவ்வொருவனாக அனுப்பிவிட்டுத் தனியாகச் சுருண்டு கிடந்தார். சனிக்கிழமை வந்த குப்பம்மா கதவைத் திறந்து பார்த்தார். வார்டனிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னார். ஒரு வாடகைக் காரைப் பிடித்து, பின்சீட்டில் வேப்பிலையைப் பரப்பி, பெரியவனைப் படுக்கவைத்துக் குப்பத்துக்குக் கொண்டுபோய்விட்டார். துலுக்காணம் வலை பின்னுவதை விட்டுவிட்டு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அந்த ஆடியில் அம்மன் கோயிலில் பெரியவன் பேருக்குக் கூழ் ஊற்றினார்கள். கிறிஸ்தவப் பிள்ளையை என்ன செய்யச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணனே கோயில் வாசலுக்கு வெளியே நின்று வாளியைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் ஊற்றினார். கடைசியில் மிஞ்சியதைக் குடித்தார்.

"எங்க வூட்ல ஒரு புள்ள இப்டி வாரி ஊத்துனா எனுக்கு கஞ்சியே மிஞ்சாது" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாம். குப்பம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

எழுபத்தொன்றின் கடைசியில்தான் சிக்கல் வந்தது. பூவராகன் அப்போது ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். அவனுக்கு மாமன் மகள் சரளாவைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும், சரளாவுக்கும் அவனைத்தான். சிறுவயதிலிருந்தே பேசி வைத்தது. சரளாவின் அப்பா குப்புராஜ், குப்பம்மாவின் சொந்தத் தம்பி. ஆகவே யாரும் யாரையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் நாள் குறிக்கப் போனவருக்கு அக்காவிடமிருந்து வந்த பதில் இதுதான்.

"பெரியவனுக்கு ஆவட்டும். அப்பால பாக்கலாம்."

குப்புராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். "எந்தப் பெரியவன்க்கா? அந்த வாத்தியாரா? அவரு நம்ப ஆளே இல்லியே."

"மூத்தவன் நிக்கசொல்ல சின்னவனுக்குப் பண்ணா ஊரு இன்னா பேசும்?"

"ஊருக்கு அவரு யாருன்னே தெரியாது."

"எனுக்குத் தெரியும்."

குப்புராஜ் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மாசி வரைக்கும் பாப்பேன். மாசி தாண்டிச்சுன்னா எனுக்கு வேற வழி இல்ல. கோவளத்துல சொந்தப் படகு வச்சிருக்கிற பையன், தெனம் ஆள் வுட்டு கேட்டுகினு கீறாங்க. அப்பால எம்மேல கோவப்படாத."

சரளாவும் என் மூலம் பூவராகனுக்குச் சொல்லி அனுப்பினாள். "உங்க ஹாலு சட்டத்தல்லாம் கொண்டாந்து கடல்ல போடச் சொல்லு. இல்லன்னா அந்த அண்ணன மொதல்ல யாருக்காச்சும் கட்டி வையி."

பூவராகனும் நானும் சிட்லபாக்கம் போனோம். அண்ணன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வழக்கம்போல, "சாப்பிட்டீங்களா?"

"அத வுடுங்கண்ணே" என்றான் பூவராகன். "நீங்க கல்யாணம் பண்ணிக்கணும். மாசிக்குள்ள."

விஷயத்தைக் கேட்டதும் அண்ணன் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கியது. "எனக்கு என்னடா அவசரம்? நீ முதல்ல பண்ணிக்கோ. ஹால் வழக்கம் அதுதானே, தம்பிக்கு அப்புறம்தான் அண்ணன்."

"அது சோத்துக்குண்ணே."

"எல்லாத்துக்கும்தான்."

அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அண்ணன் கடைசியில் உட்கார வேண்டும் என்று பத்தொன்பது வயதில் ஒரு சாயங்காலம் கற்றுக்கொண்டதை, இருபத்தெட்டு வயதுவரை எங்கேயும் உட்காராமலேயே காப்பாற்றிக்கொண்டு வந்திருந்தார். ஹாலில் தம்பிக்குப் பிறகுதான் அண்ணன். குப்பம்மா வீட்டில் அண்ணனுக்குப் பிறகுதான் தம்பி. இரண்டுக்கும் நடுவில் பூவராகன் மாசி மாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனை முடிந்ததும் அண்ணன் எங்களைக் கூட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போனார். நான் பேசிச் சரிபண்ணிவிடுகிறேன் என்றார். குப்பம்மா வாசலில் சங்கரா மீனுக்குச் செதிள் உரசிக்கொண்டிருந்தார். அண்ணன் எதிரில் குந்தி உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஹால்ல அது ஒரு சடங்கு மாதிரி. வர்ற எல்லா அப்பா அம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்வாங்க. நான் உங்க வயித்துல பொறந்தவன் இல்லையே. என்னைக் கணக்குல சேர்க்காதீங்க. பூவராகனுக்கு முடிச்சுடுங்க."

செதிள் உரசும் சத்தம் நிற்கவில்லை. துலுக்காணம் வாயிலிருந்து சுருட்டை எடுத்தார்.

"அம்ம போட்டு படுத்துகினு கெடந்தியே" என்றார் குப்பம்மா, மீனைப் பார்த்தபடியே. "அப்ப சொல்லிக்கிறதுதானே இத."

அண்ணன் தரையில் சிதறிய செதிள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"கூழு ஊத்தசொல்ல சொல்லிக்கிறதுதானே. வேலைக்குச் சேந்து மொத சம்பளத்துல பொடவ எடுத்தாந்து குடுத்தியே, அப்பயாச்சும் சொல்லிக்கிறதுதானே." மீனைத் திருப்பிப் போட்டார். "சரி. சோறு துன்னுட்டு போ."

அன்றைக்கும் அண்ணன் எங்களுக்குப் பிறகுதான் சாப்பிட்டார். பாதிச் சோறு இலையிலேயே கிடந்தது. பஸ் வந்தபோது ஏறுகிறவர்களையெல்லாம் ஏற்றிவிட்டுக் கீழேயே நின்றார். பஸ் போய்விட்டது.

"தப்பா பேசிட்டேனாடா, அசரியா?"

"ஆமாண்ணே."

"அவனுக்காகத்தானே சொன்னேன்."

"அதாண்ணே தப்பு" என்றான் பூவராகன். அவன் அண்ணனை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அது ஒருமுறைதான்.

இரண்டு நாள் கழித்துக் குப்பம்மா அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடை இல்லை. அண்ணன் வாங்கிக் கொடுத்த புடவை. தலையில் கனகாம்பரம்.

"கடக்குட்டி, வா. அந்த மைக்கு சாரு வூட்டுக்குப் போவணும்."

"வேதசிரோமணி சார் வீடா? தெரியுமாம்மா?"

"பத்து வருசமா மீனு போட்டுகினு வரேன், தெரியாதா? சும்மா கூட வா. அவுங்க நடுவுல இங்கிலீசுல பேசிகினா இன்னான்னு சொல்லு."

வழியில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. வேதசிரோமணி சாரின் மகள் ஜெயசீலி, வில்பிரட் அண்ணன் பள்ளிக்கூடத்திலேயே கணக்கு டீச்சர். குப்பம்மா மீன் கொண்டுபோகும்போதெல்லாம், அம்மாவை முந்திக்கொண்டு வாசலுக்கு வந்து, "உங்க பெரிய மகன் எப்படி இருக்காங்க?" என்று விசாரிப்பாளாம்.

"தெனம் ஒரே பள்ளிக்கூடத்துல பாத்துக்கிற ஆள எங்கிட்ட வந்து விசாரிக்கிது அந்தப் பொண்ணு" என்றார் குப்பம்மா. "எனுக்கு மீனுதான் விக்கத் தெரியும், வேற ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிகினு கீது."

கேட்டைத் திறந்தபோது, சாரின் மனைவி ஞானஜோதி அம்மா பழக்கத்தில் சட்டியோடு வெளியே வந்துவிட்டார். "இன்னைக்கு என்ன மீன், குப்பம்மா?"

"மீனு இல்லம்மா. சாரண்ட ஒரு கேள்வி கேக்க வந்தேன்."

ஞானஜோதி அம்மா புடவையைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், சட்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். உள்ளே கூட்டிப் போய் நாற்காலியைக் காட்டினார். குப்பம்மா அதில் உட்கார்ந்தார். அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டி அவர் உள்ளே போனது அன்றுதான்.

வேதசிரோமணி சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். "வாங்கம்மா. சாப்பிட்டீங்களா?"

"அது அப்பால ஆவட்டும் சார். எட்டு ஒம்போது வருசம் முன்னாடி ஹால்ல மைக்கப் புடிச்சிகினு சொன்னீங்களே, இவன் இன்னிலேர்ந்து உன் மூத்த புள்ளன்னு. அது நெசமா சொன்னதா, இல்ல வெழாவுக்குச் சொன்னதா?"

சாரின் குரல் எனக்கு அத்துப்படி. கனைத்துக்கொண்டு, "அன்பார்ந்த" என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏன்மா கேக்குறீங்க?"

"அவன் இல்லன்றான். எல்லார்கிட்டயும் சொல்றதுதான்றான். அவன் பொய் சொல்ல மாட்டான். நீங்க பெரிய மனுசரு, நீங்களும் பொய் சொல்ல மாட்டீங்க. எது நெசம்னு தெரிஞ்சா நான் போயி என் வேலயப் பாப்பேன்."

சார் பேச ஆரம்பித்தபோது அது நான் கேட்டேயிராத குரலாக இருந்தது. பக்கத்து அறைக்குக்கூட எட்டாது.

"வருஷா வருஷம் சொல்றேன்மா. கை தட்றாங்க, போயிடறாங்க. ஒருத்தர்கூடத் திரும்பி வந்து இப்படிக் கேட்டதில்ல." கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குச் சோறு போட்ட ஹால் அண்ணன் ரங்கூன்ல செத்துப் போனார். அவங்க அம்மா சாகுறவரைக்கும் நான்தான் போய்ப் பாத்துக்கிட்டேன். அந்த நினைப்புலதான் முதல் தடவை சொன்னேன். அப்புறம் வாய்க்குப் பழகிடுச்சு. ஆனா நிசம்தான்மா. நிசமாத்தான் சொன்னேன்."

"அப்ப சரி" என்றார் குப்பம்மா. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப என் மூத்த புள்ளைக்கு உங்க பொண்ணக் கேக்க வந்துக்கிறேன்."

ஞானஜோதி அம்மா புருஷனைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். குப்பம்மா என்னைப் பார்த்தார்.

"நல்ல பையன்தானேன்னு கேக்குறாங்க" என்றேன். உண்மையில் அவர் சொன்னது, "இதை இவ்வளவு நாள் நாம ஏன் கேக்கல?" என்பதுதான். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வேதசிரோமணி சார் உள்ளே பார்த்து, "ஜெயசீலி" என்று கூப்பிட்டார். கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவள் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்குச் சம்மதம்னு எல்லாருக்கும் தெரியும்" என்றாள், குப்பம்மாவின் பக்கத்தில் வந்து நின்று. "ஆனா அவங்களே வந்து கேக்கணும். மூணு வருஷமா டீச்சர்ஸ் ரூம்ல எல்லாருக்கும் டீ ஊத்திக் கொடுத்துட்டு, கடைசியில ஆறிப்போனதை எடுத்துக் குடிக்கிறாங்க. எனக்கு இது வேணும்னு ஒரு வார்த்தை அந்த வாயிலேர்ந்து வந்ததில்ல. இப்படியே கட்டிக்கிட்டா, யாராவது கேட்டா என்னையும் நீங்க முதல்லன்னு விட்டுக் கொடுத்துடுவாங்க."

குப்பம்மா அவள் கன்னத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் விரல்களை நெரித்துத் திருஷ்டி கழித்தார். "நாயமான பேச்சு. வர்ற ஞாயித்துக்கெழம அதுக்கு வழி பண்றேன்."

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. குப்பம்மா எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். துலுக்காணம், குப்புராஜ், பூவராகன், நான். வில்பிரட் அண்ணன் வருவாரா என்று எனக்குச் சந்தேகம்தான். வந்தார், கையில் வெற்றிலை பாக்கு பழத்தோடு, தண்டனைக்கு வருகிறவர் மாதிரி.

இலை போட்டாயிற்று. சோற்று வாளியை எடுக்க அண்ணன் கை போனது. அதற்குள் பூவராகன் எடுத்துவிட்டான்.

"நீ ஒக்காரு" என்றார் குப்பம்மா.

"இல்லம்மா, இவங்க முதல்ல..."

"ஒக்காருன்னேன்."

உட்கார்ந்தார். பூவராகன் அவர் இலையில் மட்டும் சோறு போட்டான், வவ்வால் மீன் குழம்பு ஊற்றினான், வறுத்த துண்டை வைத்தான். எங்கள் இலைகள் வெறுமையாகக் கிடந்தன. குழம்பு மணம் கூரை முழுக்க நிறைந்திருந்தது. அண்ணன் கை வைக்காமல் எங்களைப் பார்த்தார்.

"இவங்களுக்கும் போடுங்கம்மா."

"போடறேன். மொதல்ல நீ ஒண்ணு சொல்லு. உனுக்கு இன்னா வோணும்? உன் வாயால சொல்லு. சொன்னாத்தான் மத்தவன் எலைக்குச் சோறு."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா."

"அப்ப இவுங்க பட்டினி."

குப்புராஜ் விடிகாலையில் கடலுக்குப் போய்விட்டு வந்தவர். "இன்னா வாத்தியாரே" என்றார் பரிதாபமாக. "கொடல் ஒட்டிகினு கீது. எதுனா ஒண்ணக் கேட்டுத் தொலைங்களேன்."

"இவங்க பசியா இருக்காங்கம்மா" என்றார் அண்ணன்.

"அப்ப சீக்கிரமா சொல்லு."

அண்ணன் துலுக்காணத்தைப் பார்த்தார். துலுக்காணம் தன் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூவராகன் வாளியோடு நின்றான், கண்களில் தண்ணீர் முட்டிக்கொண்டு. இத்தனை பேரைக் காக்கவைப்பது அண்ணனால் முடியாத காரியம். அது குப்பம்மாவுக்குத் தெரியும். இருந்தும் வெகுநேரம் ஆயிற்று. அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார், இரண்டு தடவை.

"எனக்கு ஜெயசீலி டீச்சரைப் பிடிச்சிருக்கு" என்றார் இலையைப் பார்த்து. அப்புறம் தலையைத் தூக்கினார். "எனக்கு அவங்க வேணும்மா."

பூவராகன் கரண்டியை வாளிக்குள் விட்டான். அண்ணன் இன்னும் முடிக்கவில்லை.

"அப்புறம்..."

"சொல்லு."

"போன தடவ நான் சொன்னது... அதை நீங்க மறந்துடணும். எனக்கு நீங்களும் வேணும்."

குப்பம்மா பூவராகன் கையிலிருந்த வாளியைப் பிடுங்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, எங்களுக்கெல்லாம் மளமளவென்று சோறு போட்டார். அளவு தெரியாமல் போட்டதில் துலுக்காணம் இலையில் குன்று போல நின்றது. அவர் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குப் பேசிய ஒரே வார்த்தையைப் பேசினார்.

"போதும்."

திங்கட்கிழமை டீச்சர்ஸ் ரூமில் நடந்ததை ஜெயசீலி அக்கா பின்னால் சொன்னார். அண்ணன் முதலில் தனக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றிக்கொண்டாராம். மற்ற வாத்தியார்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்களாம். சூடாகக் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, அந்தச் சூட்டோடேயே அக்காவிடம் வந்து கேட்டுவிட்டாராம்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கிவிட்டால் சர்ச்சில் கல்யாணம் கிடையாது. ஆகவே அடுத்தடுத்த மூன்று ஞாயிறுகளில் கல்யாண ஓலையைச் சபையில் வாசித்து, சாம்பல் புதனுக்கு முன்னால் முடித்தார்கள். மாப்பிள்ளை பக்கம் முன்வரிசையில் குப்பம்மாவும் துலுக்காணமும் நாசரேத் அத்தையும். அத்தை ஞானப்பாட்டுப் புத்தகத்தை விரித்துக் குப்பம்மாவுக்கும் காட்டினார், குப்பம்மாவும் உதட்டை அசைத்துக்கொண்டே நின்றார். விருந்தில் அண்ணன் கோட்டைக் கழற்றிவிட்டு வாளியைத் தூக்கப் போனார். ஜெயசீலி அக்கா கையைப் பிடித்து உட்காரவைத்தார். மாசி முடிவதற்குள் பூவராகனுக்கும் சரளாவுக்கும் குப்பத்தில் தாலி கட்டியாயிற்று. அங்கே வாளியைத் தூக்க அண்ணனுக்கு அனுமதி கிடைத்தது.

அந்த ஜூலையில் ஹால் விழாவுக்கு எல்லோரும் போயிருந்தோம். வில்பிரட் அண்ணனைச் செய்து காட்டச் சொன்னார்கள். செய்தேன். இப்போது நான்காவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டியிருந்தது. "எனக்கு வேணும்" என்று அவர் குரலில் சொல்லும்போது மட்டும் செருமல் இரண்டு தடவை வர வேண்டும். குப்பம்மா சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

பிறகு வேதசிரோமணி சார் மைக்கைப் பிடித்தார். பந்தித் தகராறு, வார்டன், இரண்டு பானை, எல்லாம் வழக்கம்போல. முடிவுக்கு வந்தபோது நிறுத்தினார். புதுப் பையனின் தாய் ஒருத்தி, உத்திரமேரூர் பக்கத்திலிருந்து வந்தவள், மஞ்சள் பையைக் கட்டிப் பிடித்தபடி முன்னால் நின்றிருந்தாள். சார் அவளைப் பார்த்தார், முன்வரிசையில் இருந்த தன் சம்பந்தியைப் பார்த்தார். மைக்கை விட்டுவிட்டு, வெறும் குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"இன்னையிலேர்ந்து இந்தப் பையன் உங்க மூத்த மகன்மா."

எல்லோரும் கை தட்டினார்கள். அந்தத் தாய்க்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. குப்பம்மா எட்டி அவள் முழங்கையைத் தொட்டார்.

"நெசமாத்தான் சொல்றாரு" என்றார். "போயி அந்தப் புள்ளைக்கு யார்லாம் கீறாங்கன்னு கேளு."